டூப்பு நின்ற இடம்

டூப்பு எழுதுவதற்கு இனிமேல் ஆளே வேண்டாமாம். போன மாதம் பழைய கம்பெனியிலிருந்து போனில் பேசிய பிள்ளைகள் சொன்னார்கள். "அக்கா, இன்டர்ஃபேஸைக் காட்டினாப் போதும். டூப்பு, டெஸ்ட் எல்லாத்தையும் கம்ப்யூட்டரே எழுதிக் குடுத்துருது. டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ஸ்கிரீன் பூரா பச்சை." ரொம்ப சந்தோஷம் என்றேன். டெஸ்ட் பாஸ் என்று சொல்லும் அந்தப் பச்சையை நான் நம்புவதில்லை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? "நீங்க அந்தக் காலத்து ஆளு, எங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுங்களேன்" என்றார்கள். அந்தக் காலத்து ஆளாம்! ரிட்டயர் ஆகி முழுசாக இரண்டு தீபாவளி கழியவில்லை. சரி, கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன். இனிப்பாக எதுவும் கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

தொழில் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் கதாநாயகனுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிப்பவரை டூப்பு என்கிறோம் இல்லையா, எங்கள் வேலையிலும் அதே பெயர்தான். ஓசூரில் எங்கள் கம்பெனி தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டும் புரோகிராம் எழுதிக் கொடுத்தது. புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் தகடு அடிக்கும் நிஜமான பிரஸ்ஸையும் அதைக் கவனிக்கும் நிஜமான சென்சாரையும் ஆபீஸுக்குத் தூக்கிவர முடியுமா? அதனால் அவற்றைப் போலவே பதில் சொல்லும் பொய் சென்சாரை நாங்களே எழுதிக்கொள்வோம்.

எங்கள் புரோகிராம்கள் ஃபங்ஷனல் முறையில் எழுதியவை. அதில் ஒரு ஃபங்ஷனை, அதாவது கேள்வி வாங்கிப் பதில் தரும் ஒரு சின்னத் துண்டை, எத்தனை தடவை கேட்டாலும் ஒரே கேள்விக்கு ஒரே பதில்தான் சொல்லும். வெளியுலகம் அப்படி இருக்காது. அதனால் வெளியுலகத்தைத் தொடுகிற வேலைகளை மட்டும் தனியே பிரித்து, ஒரு கொத்தாகக் கட்டிப் புரோகிராமின் கையில் கொடுப்போம். சென்சாரைக் கேள், பிரஸ்ஸை இறக்கு, பிரஸ்ஸை நிறுத்து என்று மூன்று நான்கு ஃபங்ஷன்கள். அந்தக் கொத்தின் வடிவம்தான் இன்டர்ஃபேஸ். தொழிற்சாலையில் அசல் கொத்தைக் கொடுப்போம், ஆபீஸில் அதே வடிவத்தில் டூப்புக் கொத்து. எது அசல், எது டூப்பு என்று புரோகிராமுக்குத் தெரியாது. இந்த முறையின் அழகே அதுதான் என்று எங்கள் பிரகாஷ் சொல்லிக்கொண்டே இருப்பான். அழகுதான், நானும் இல்லை என்று சொல்லவில்லை.

நான் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரி. டிப்ளமோ முடித்து, சிப்காட்டில் சர்க்யூட் போர்டுக்குச் சால்டரிங் வைத்து, புகையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு, அப்புறம் டெஸ்டிங் பக்கம் தள்ளப்பட்டவள். அந்த வருஷங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேலை என்று நான் சொல்வது நாகராஜ் சாரிடம் வந்த பிறகு நடந்ததைத்தான்.

நாகராஜ் சாருக்கு அத்திப்பள்ளிப் பக்கம் வீடு. வீட்டில் கன்னடம், ஆபீஸில் தமிழ், கேன்டீன் மாஸ்டரிடம் தெலுங்கு. குரலை உயர்த்திப் பேசி நான் பார்த்ததே இல்லை. அவருக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. புரோகிராம் எழுதினவன் அதற்கான டூப்பை எழுதக் கூடாது. டூப்பை எழுதுகிறவர் அசலைப் போய்ப் பார்க்காமல் ஒரு வரி எழுதக் கூடாது. பார்ப்பது என்றால் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வருவது கிடையாது. ஒரு ஷிஃப்ட் முழுக்க இயந்திரத்தின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அதன் கேபிளைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும், பாதி செருகி விட்டுப் பார்க்க வேண்டும், எண்ணெய்த் துணியால் கண்ணை மூடிப் பார்க்க வேண்டும், பக்கத்து இயந்திரம் ஓடும்போதும் நிற்கும்போதும் பார்க்க வேண்டும். திரும்பி வந்ததும் நம் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்பார். "ஏனம்மா, அது பொய் சொல்லுதா? எப்ப சொல்லுது?"

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலைக்கு எடைமேடைப் புரோகிராம் எழுதியபோது முதல் தடவையாக அவரிடம் மாட்டினேன். எடைமேடையின் டூப்பை நான் சமர்த்தாக எழுதியிருந்தேன். எடை என்ன என்று கேட்டால் எடையைச் சொல்லும், அவ்வளவுதான். படித்துப் பார்த்துவிட்டு, "இது ரொம்ப ஒள்ளே பையன், ரொம்ப நல்லவன். இவனை நம்பாதே. போய் நில்லு" என்றார். மாம்பழ சீசன், ஆலை முழுக்க ஈ, தரை முழுக்கச் சாறு, செருப்பு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். நின்றேன். டிரம்மை ஏற்றியதும் எடைமேடை ஆடி ஆடி ஏதேதோ சொல்லி அப்புறம்தான் ஒரு எண்ணில் அடங்கியது. என் டூப்பு ஆடவே இல்லை. ஆடாத டூப்பை வைத்துச் சோதித்த புரோகிராம் ஆடுகிற எடையை அப்படியே பதிந்திருக்கும். திரும்பி வந்து ஆடுகிற டூப்பு எழுதினேன், டெஸ்ட் எல்லாம் சிவப்பாக விழுந்தது. சார் அன்றைக்குத்தான் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அதே ஆலையில் அடுத்த சீசனில் நான் மறுபடி போய் மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஜூஜுவாடிப் பக்கத்தில் ஒரு பிரஸ் ஷாப்பின் வேலை எங்களுக்கு வந்தது. வண்டிகளுக்கான தகட்டுப் பாகங்கள் அடிக்கிற இடம். பழைய பிரஸ்ஸுக்கு ஒளித்திரை மாட்ட வேண்டும். ஒளித்திரை என்றால், பிரஸ்ஸின் வாய்க்கு இரண்டு பக்கமும் இரண்டு மஞ்சள் தூண்கள், நடுவே கண்ணுக்குத் தெரியாத கதிர்கள். கை உள்ளே இருந்தால் கதிர் அறுபடும், பிரஸ் மேலேயே காத்திருக்கும். கை வெளியே வந்ததும் இறங்கும். முறைப்படி அந்தத் திரையே நேராகப் பிரஸ்ஸை நிறுத்த வேண்டும். அந்தப் பழைய பிரஸ்ஸில் அதற்கு வசதியில்லை, செலவு செய்யவும் மனசில்லை. எல்லாம் எங்கள் புரோகிராம் வழியாகத்தான் என்று முடிவாயிற்று.

சார் வழக்கம்போல ஆளை அனுப்பி அசலைப் பார்க்க அனுமதி கேட்டார். ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது, பிரஸ்ஸை நிறுத்த முடியாது என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். எங்கள் ஜி.எம்., "அதான் கேட்டலாக் இருக்கே நாகராஜ், அதைப் பாத்து எழுதச் சொல்லுங்க" என்றார். சார் ஒரு தடவை மறுத்தார். இரண்டாம் தடவை மறுக்கவில்லை. நான் ஊரில் இல்லாததால், புரோகிராம் எழுதிய பிரகாஷே டூப்பையும் எழுதினான். இரண்டு சட்டமும் ஒரே வாரத்தில் உடைந்தது.

பிரகாஷைக் குறை சொல்லி இதை நான் எழுதவில்லை. சேலத்துப் பையன், எங்களில் அவன் மூளைக்குப் பக்கத்தில் நிற்க ஆள் கிடையாது. "டைப் சரியா இருந்துச்சின்னா பாதி டெஸ்ட்டே தேவையில்லைக்கா" என்பான். டைப் என்றால் வரக்கூடிய பதில்களின் பட்டியல்; திரையின் பதிலுக்கு அவன் வைத்த டைப்பில் இரண்டே வார்த்தைகள். கை உண்டு, கை இல்லை. கேட்டலாக்கிலும் அந்த இரண்டுதான் இருந்தன. திரையிலிருந்து கம்பி வழியாக வருவது வெறும் எண். அந்த எண்ணை வாங்கி, உண்டு இல்லை என்று மாற்றித் தருவதற்கு நடுவில் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினான். அதை நாங்கள் தரகர் என்போம். டூப்பு எழுதும்போது தரகரின் இடத்தில் டூப்பை நிறுத்தினான். டூப்பு உண்டு என்றது, இல்லை என்றது, கேட்டபோதெல்லாம் டக்கென்று சொன்னது. டெஸ்ட் எல்லாம் பச்சை. ஜி.எம். கேக் வெட்டினார்.

மாங்கூழ் ஆலை வேலை முடிந்து நான் திரும்பி வந்த வாரத்தில் அந்தப் பிரஸ் ஒரு பெண்ணின் வலது கை மேல் இறங்கியது.

மஞ்சுளா என்று பெயர். பாகலூர்க்காரி, பிரஸ் ஆபரேட்டர். கட்டை விரலைத் தவிர மற்ற நான்கும் போய்விட்டன. நானும் சாரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவளுடைய சூப்பர்வைசர் வாசலிலேயே எங்களை நிறுத்தி, "அந்தப் பொண்ணு திரைக்கு மேல கைய விட்டு பீஸ எடுத்துருக்குது சார். அவசரம். சொன்னா கேக்காதுங்க" என்றார். உள்ளே போனால், கையில் பெரிய வெள்ளைக் கட்டோடு விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தாள். நாங்கள் யார் என்று சொன்னதும் அழவில்லை, திட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

"மெசினு மேல நின்னுச்சிக்கா. அது நின்னப்பறந்தான் கைய உட்டன். நேராத்தான் உட்டன், தெரைக்கு நடுவுல. எப்பவும் கை உள்ள இருந்தா எறங்காது. அன்னிக்கி எறங்கிடுச்சி." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "கை போனது போவட்டும்க்கா. எல்லாரும் நான் பொய் சொல்றன்றாங்க. எங்க வீட்டுக்காரரே ஒரு மாதிரியா பாக்கறாரு. நான் பொய் சொல்லலக்கா."

ஆபீஸ் வந்ததும் டெஸ்ட் எல்லாவற்றையும் திரும்ப ஓட்டினோம். பச்சை. ஒன்று விடாமல் பச்சை. ஜி.எம். முகத்தில் உயிர் வந்தது. "நம்ம பக்கம் சுத்தம். அந்தப் பொண்ணு மேலதான் தப்பு. பிரஸ் ஷாப்புல உள்விசாரணை வைக்கிறாங்க, நாகராஜ் போய் டெஸ்ட் எல்லாம் பாஸ்னு சொல்லிட்டு வந்துரட்டும்." அந்தப் பெண்ணுக்கு எதிராக இருந்த பெரிய சாட்சியே எங்கள் பச்சைதான். அவள் சொன்னது உண்மை என்றால் எங்கள் டெஸ்ட் பொய். டெஸ்ட் உண்மை என்றால் அவள் பொய்க்காரி. அவளுக்கு வேலை போகும், ஊரில் பேரும் போகும்.

சார் நேராகத் தன் மேசைக்குப் போனார். அதே மாதிரி ஒளித்திரை ஒன்றை எங்கிருந்தோ வரவழைத்து மேசை மேல் மாட்டச் சொன்னார். கேபிளை என் கையில் கொடுத்தார். "ஆட்டும்மா. பிரஸ் ஓடுற மாதிரி ஆட்டு."

ஆட்டினேன். கொஞ்ச நேரத்தில் இணைப்பு லேசாகத் தளர்ந்தது. திரை உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. அது மூன்றாவது பதில், கேட்டலாக்கில் இல்லாத பதில். இப்படி ஒன்று வந்தால் தரகர் என்ன செய்வார் என்று பிரகாஷ் எழுதியதைத் திறந்து பார்த்தோம். டைப்பில் இரண்டு வார்த்தைதான் இருக்கிறது, ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பதில் வராவிட்டால் கடைசியாக வந்த பதிலையே சொல் என்று எழுதியிருந்தான். மஞ்சுளா கையை விடுவதற்கு முன்னால் கடைசியாக வந்த பதில், கை இல்லை.

பிரகாஷ் நின்றபடியே அந்த வரியைப் படித்தான். "இது ஒரு டெஸ்ட்லயும் ஓடவே இல்லையேக்கா" என்றான். எப்படி ஓடும்? டூப்புதான் தரகரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதே. தரகர் டெஸ்டில் வாயைத் திறக்க வழியே இல்லாமல் போயிற்று. டூப்பு நின்ற இடமே தப்பு.

நான் டூப்பை ஒரு படி பின்னால் தள்ளி, தரகருக்கும் அந்தப் பக்கம், கம்பி இருக்கும் இடத்தில் நிறுத்தினேன். அது வார்த்தை பேசாது, அசல் திரை போல எண்தான் அனுப்பும். நடுவில் அனுப்பாமலும் விட்டுவிடும். எப்போது விட வேண்டும் என்பதை மேசைத் திரையைக் கேட்டுக் கேட்டே எழுதினேன். பக்கத்தில் ஒரு டூப்புக் கையும் எழுதினேன், உள்ளே போகும், வெளியே வரும். ஓட்டினேன். ஸ்கிரீனில் மூன்று வரி வந்தது. கை உள்ளே. திரை பேசவில்லை. பிரஸ் இறங்குகிறது. அதற்குக் கீழே சிவப்பு.

பிரகாஷ் எழுந்து பாத்ரூமுக்குப் போனான். வாந்தி எடுக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. திரும்பி வந்து, முகத்தைக்கூடத் துடைக்காமல், டைப்பில் மூன்றாவது வார்த்தையைச் சேர்த்தான். பதில் இல்லை என்று. உடனே, எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர் புரோகிராமில் இடம் இடமாகப் பிடித்து நிறுத்தி, பதில் இல்லாவிட்டால் என்ன செய்ய, என்ன செய்ய என்று கேட்டது. எல்லா இடத்திலும் பிரஸ்ஸை நிறுத்து என்று எழுதினான். "இந்த ஒரு வார்த்தைய முன்னாடியே போட்ருந்தா கம்பைலரே கேட்ருக்குமேக்கா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அந்த வருஷமே வேலையை விட்டுவிட்டான். இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

மறுநாளே நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "நீ பொய் சொல்லலைன்னு கண்டுபிடிச்சாச்சு. எங்க சார் விசாரணைக்கு வந்து அவர் வாயாலயே சொல்லுவாரு" என்றேன். அன்றைக்குத்தான் மஞ்சுளா அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள்.

அப்புறம் நடந்ததைக் கோபமில்லாமல் எழுத எனக்கு வராது. ஜி.எம். சாரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். புதுப் புரோகிராமைச் சத்தமில்லாமல் போட்டுவிடலாம், இனி யாருக்கும் ஒன்றும் ஆகாது, அந்தச் சிவப்பு டெஸ்ட் மட்டும் ஆபீஸைத் தாண்டக் கூடாது என்றாராம். சாருக்கு ரிட்டயர்மென்டுக்குச் சில மாதங்கள்தான் இருந்தன. மகனுக்கு அப்போதுதான் எங்கள் கம்பெனியிலேயே வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள். வெளியே வந்தவரிடம், "சார், சொல்லிருவீங்கல்ல?" என்று கேட்டேன். "பாக்கலாம்மா" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

விசாரணை பிரஸ் ஷாப்பின் மீட்டிங் அறையில் நடந்தது. அவர்கள் அமர்த்திய ஒரு வக்கீல்தான் விசாரணை அதிகாரி. எங்கள் ஜி.எம்.மும் வந்திருந்தார். என்னை யாரும் கூப்பிடவில்லை, சாரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானாகவே போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். மஞ்சுளா எதிர்ப்பக்கம், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, சாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க குடுத்த புரோகிராம் எல்லா டெஸ்ட்டும் பாஸ் பண்ணித்தானே வந்துச்சு?" என்று வக்கீல் கேட்டார்.

"ஆமா" என்றார் சார். அது உண்மைதான்.

"அப்ப கை உள்ள இருக்கும்போது பிரஸ் இறங்க வாய்ப்பிருக்கா?"

சார் பேசவில்லை. மேசையில் இருந்த தண்ணீர்க் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் இன்னொரு தடவை கேட்டார். சார் வாயைத் திறந்தார், மூடினார். எங்கள் ஜி.எம்., "அதான் முதல்லயே சொல்லிட்டாரே சார், எல்லா டெஸ்ட்டும் பாஸ்னு" என்றார். வக்கீல் தலையை ஆட்டிவிட்டு அதையே எழுதிக்கொண்டார்.

நான் எழுந்துவிட்டேன். "வாய்ப்பிருக்கு சார்! இறங்குச்சு! நானே டெஸ்ட் எழுதி ஓட்டிப் பாத்துருக்கேன். அந்தப் பொண்ணு சொல்றது அத்தனையும் நிஜம்" என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "நீங்க யாரும்மா? உங்களை யாரு உள்ள விட்டது?" என்றார் வக்கீல். செக்யூரிட்டிப் பெண் வந்து என் கையைப் பிடித்தாள். சார் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவரிடம் வேலை கற்றவள் நான். அவரை வாய்விட்டுத் திட்ட எனக்கு வரவில்லை, மன்னிக்கிற மனசும் இன்று வரை வரவில்லை. என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள், ரிட்டயர் ஆகும் வரை பெயின்ட் டப்பாவும் பேரிங்கும் எடுத்துக் கொடுத்தேன், அது போகட்டும். புதுப் புரோகிராமும் என் டெஸ்டும் இன்றைக்கும் ஓடுகின்றன, அதற்குப் பிறகு அந்தப் பிரஸ்ஸில் யார் கையும் போனதாக நான் கேள்விப்படவில்லை. இதைச் சொல்லி எனக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிகிறது.

அன்றைக்குக் கேட்டுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் வெயிலில் நின்றேன். ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் எல்லையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன. ரொம்ப நேரம் கழித்து மஞ்சுளா வந்தாள், தனியாகத்தான் வந்தாள். வீட்டுக்காரர் ஷிஃப்டுக்குப் போயிருந்தார்.

"எல்லாத்தியும் டைப் அடிச்சி வெச்சிருந்தாங்கக்கா. என் கவனக்கொறவால நடந்திச்சின்னு. கையெழுத்து போடுன்னாங்க. எடது கையில எனக்கு எழுத வராதுன்னன். பரவால்லம்மா, ரேகை போதும்னு மை டப்பாவத் தள்ளி வெச்சாங்க."

"நீ ஏன்டி வச்ச?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வெக்கலன்னா ஒண்ணுமே தரமாட்டன்னாங்க. நான் இன்னா பண்றது?" இடது கட்டை விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நகக்கண் வரைக்கும் ஊதா மை. "பன்னெண்டாவது பாஸ் பண்ணவக்கா நானு. எங்கம்மா கைநாட்டுதான். அவங்களுக்கு பேரு எழுதக் கத்துக் குடுத்தவளே நாந்தான்."

அந்த மையைத் துடைத்துக்கொள்ள அவளுக்கு இன்னொரு கை இல்லை. நான் என் முந்தானையைப் பிடித்துத் துடைத்தேன். பாட்டில் தண்ணீரை ஊற்றி மறுபடியும் துடைத்தேன். போகவில்லை.